காயம் சிதம்பரத்தில்... ஆணையம் கடலூரில்!

குக்கர் வெடித்தால் நம் வீடுகளில் முதல் விசாரணை சமைத்தவரிடம்தான் நடக்கும். ‘வெயிட்டைச் சரியாப் போட்டியா? ஆவி அடங்குறதுக்குள்ள திறந்துட்டியா? கேஸ்கட்டை எப்ப மாத்தினே?’ கையும் முகமும் வெந்துபோன பெண், அந்த வலியோடு இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சார்ஜரில் கிடந்த செல்போன் தீப்பிடித்தால், ‘ராத்திரி பூரா எவன் சார்ஜ் போடச் சொன்னது?’ வாட்டர் ஹீட்டரில் ஷாக் அடித்தால், ‘ஈரக் கையோட தொட்டிருப்பே.’ பொருளைச் செய்த கம்பெனியையோ விற்ற கடையையோ யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

கேட்கலாம் என்று சட்டம் சொல்லி ஆண்டுகள் ஆகின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் ஆறாவது அத்தியாயம், குறையுள்ள பொருளால் உடலுக்கோ உயிருக்கோ கேடு வந்தால் செய்தவரும் விற்றவரும் பழுது பார்த்தவரும் நஷ்டஈடு தர வேண்டிய நிலைகளை வகுத்துச் சொல்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இப்படித் தனி அத்தியாயமே கிடையாது.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நடத்தும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கடலூரில் இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில், ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி எனப் பத்து வட்டங்கள் கொண்ட மாவட்டம் இது. சிதம்பரத்திலிருந்து பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் சுமார் 45 கிலோமீட்டர். காட்டுமன்னார்கோவில்காரர் சிதம்பரம் வந்து சேரவே இன்னொரு பயணம் செய்ய வேண்டும். நடக்க முடிந்தவருக்கே அலைச்சல் என்றால், தீக்காயக் கட்டோடு இருப்பவருக்கு?

யார் கேட்கலாம், யாரைக் கேட்கலாம்?

கல்யாணச் சீரில் வந்த குக்கர் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் அப்பா, பில்லும் அவர் பெயரில். காயம்பட்டவர் மகள். ‘பில் உங்க பேர்ல இல்லையே’ என்று கடையில் சொல்வார்கள். அது செல்லாது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் பெற்றோர் வழக்குப் போடலாம். இறந்துவிட்டால் வாரிசுகள் போடலாம். பிழைப்புக்காகத் தானே நடத்தும் டீக்கடையின் அடுப்பு வெடித்தால், ‘இது வியாபாரத்துக்கு வாங்கினது’ என்று தள்ளிவிட முடியாது. சுயதொழிலுக்காக வாங்கிய பொருளுக்கும் பாதுகாப்பு உண்டு.

எதிர்மனுதாரராக மூன்று பேரைச் சேர்க்கலாம். முதலாவது, உற்பத்தியாளர். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்திலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, சரியான எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ சொல்லாமை ஆகிய ஐந்தில் ஒன்றை நிரூபித்தால் போதும். இரண்டாவது, பழுது பார்ப்பு போன்ற சேவையைத் தவறாகச் செய்தவர். மூன்றாவது, விற்பனையாளர்.

விற்பனையாளர் விஷயத்தில் நம் ஊர்க் கடைத்தெருவுக்கு நேராகப் பொருந்தும் ஒரு விதி இருக்கிறது. பொருளைச் செய்தவர் யாரென்றே தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பு. கம்பெனிப் பெயரே இல்லாத சார்ஜர், ஹீட்டர் ராடு, அடுப்பு எல்லாம் கடலூர் திருப்பாப்புலியூரிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் தாராளமாக விற்கின்றன. ‘நாங்க வாங்கி விக்கிறவங்கதான்’ என்ற பதில் அங்கே எடுபடாது. பில் தர மறுப்பதும் அதே சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயல்தான். பத்து ரூபாய் குறைத்துக்கொடுத்து பில்லைத் தவிர்க்கும் கடைக்காரர், உண்மையில் தன்மீது வரக்கூடிய வழக்கைத்தான் தவிர்த்துக்கொள்கிறார்.

இவ்வளவும் நமக்குச் சாதகம். பாதகமும் உண்டு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளர்மீது வழக்கு நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த அபாயத்தைத் தனியாக எச்சரிக்கவில்லை என்று உற்பத்தியாளர்மீது குறை சொல்லவும் முடியாது. வழக்குப் போட்டால் முதலில் வரும் பதில் எதுவென்று இதிலிருந்தே ஊகிக்கலாம். ‘பயன்படுத்தியவர் தவறு.’ வீட்டில் மாமியார் கேட்ட அதே கேள்வியை வக்கீல் நோட்டீஸில் கம்பெனி கேட்கும்.

தோற்பது முதல் வாரத்தில்தான்

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஆணையத்தின் படியேறும் முன்பே தோற்றுப்போகின்றன. விபத்து நடந்ததும் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அது சரிதான். வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் சமையலறையைக் கழுவிவிடுகிறார்கள். நெளிந்த மூடியும் தெறித்த வால்வும் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இல்லையென்றால், தகவல் தெரிந்து வரும் டீலர், ‘கம்பெனிக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணிச் சொல்றோம்’ என்று உடைந்த பொருளை எடுத்துக்கொண்டு புதியது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கூடவே ஒரு தாளில் கையெழுத்து. அதில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது போலத்தான்.

உடைந்த பொருள்தான் இந்த வழக்கின் முதல் சாட்சி. அதை யாரிடமும் கொடுக்கக் கூடாது; துடைக்கவும் ஒட்டவும் கூடாது. கிடந்த இடத்திலேயே நாலாபுறமும் படமெடுத்து, சிதறிய துண்டுகளோடு பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். அடிப்பாகத்தில் உள்ள மாடல் எண், தொகுதி எண், ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருக்கும் சி.எம்./எல். உரிம எண் ஆகியவற்றைத் தனியாகப் படமெடுக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் யாரும் பார்க்கலாம். போலி முத்திரை என்று தெரிந்தால் அதுவே பெரிய ஆதாரம். முத்திரை உண்மையாக இருந்து பொருள் தரத்துக்குக் குறைவாக இருந்தால், தர நிர்ணயச் சட்டம் 2016-இன் 31-வது பிரிவின்படியும் உரிமம் பெற்றவர் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு.

அடுத்தது ஆஸ்பத்திரிக் காகிதம். சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் தீக்காயம் என்றால் காமராஜர் அரசு மருத்துவமனை, அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரிய காயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர். மாநில எல்லையே மாறிப்போகும் அந்த ஓட்டத்தில், விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. ‘சமைக்கும்போது தீக்காயம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னாளில் அதே வரி நமக்கு எதிராக நிற்கும். ‘இன்ன கம்பெனி பிரஷர் குக்கர், மூடி பிய்த்துக்கொண்டு வெடித்ததில்’ என்று எழுதச் சொல்வது காயம்பட்டவரின் உரிமை. விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், போலீஸ் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் சேர வேண்டும்.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே கண்ட உதாரணம் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் விற்ற ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு, உடலுக்குள் உலோகத் துகள்களை உதிர்க்கிறது என்று 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அந்த மூட்டு பொருத்தப்பட்ட அறுவை சிகிச்சைகள் சுமார் 4,700. மத்திய அரசு குழு அமைத்து விசாரித்து, 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈட்டுக்குக் கணக்கு வகுத்தது 2018-இல்தான். அதற்குள் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போனது. பணம் ஒதுக்க வழி பிறந்தும் கேட்பதற்கு ஆள் இல்லை. உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவிக்கும் அதன் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டச் சொல்லி வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஆணையத்தில் என்ன நடக்கும்?

செலவைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது. கட்டணத்தைப் பொறுத்தவரை அது தேவையற்ற பயம். எந்த ஆணையத்துக்குப் போவது, எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் முடிவு செய்வது பொருளுக்கு நாம் கொடுத்த விலைதான். கேட்கும் நஷ்டஈடு அல்ல. விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. 2,000 ரூபாய்க் குக்கருக்காக 20 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையத்தில் பைசா செலுத்தாமல் மனு போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை உள்ள வழக்கெல்லாம் மாவட்ட ஆணையத்துக்குத்தான். ஃபோர்டு எண்டேவர் கார் தொடர்பான மரணத்தில் 50 கோடிக்கு மேல் கேட்ட ஒரு குடும்பம் இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பானது. பெரிய தொகை கேட்பவரும் சாதாரண வீட்டுக்காரரும் ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள் என்பது அதன் பொருள். அந்த வாசல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அதனாலேயே முக்கியமாகிறது.

மனுவை வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தழும்பு ஆறட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் இந்தக் கெடு நழுவிவிடும்.

மனுவை ஏற்பதா இல்லையா என்பது சாதாரணமாக 21 நாளில் முடிவாக வேண்டும். முடிவாகாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நோட்டீஸ் கிடைத்த கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும். மேற்கொண்டு 15 நாள் அவகாசம் தரலாம். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. பிறகு இரு தரப்பும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும். பேசித் தீர்க்க வாய்ப்பிருந்தால் சமரசத்துக்கும் அனுப்புவார்கள். நஷ்டஈட்டில் மருத்துவச் செலவு, இழந்த கூலி, உடல் ஊனம், மன உளைச்சல், எரிந்துபோன வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். தினக்கூலிக்காரர் வருமானத்தை எதைக் கொண்டு நிரூபிப்பார் என்று கேட்கலாம். வேலை கொடுத்தவரின் கடிதமும் வங்கிக் கணக்குப் பதிவும் ஓரளவுக்கு உதவும்.

சோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய முயல வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கெடுவை நம்பி யாரும் காலண்டரில் நாள் குறிக்க வேண்டாம். ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து உச்ச நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. ஆள் இல்லை, தபால் திரும்பியது, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று ஒவ்வொன்றும் ஒரு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு தனி. மாதக் கணக்கில் இப்படி அலைந்தவரிடம் கம்பெனி தரப்பு ஒரு சிறு தொகையை நீட்டினால், அவர் அதை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதில் என்ன ஆச்சரியம்?

தீர்ப்பு சாதகமாக வந்த பிறகும் கம்பெனி 45 நாளில் சென்னையில் உள்ள மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், உத்தரவை மீறியதற்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ உண்டு.

‘நிரூபி’ என்றால் எப்படி?

வழக்கின் கழுத்தை நெரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சோதனை. பொருளில் குறை இருக்கிறது என்பதை அதைப் பார்த்தாலே சொல்லிவிட முடியாத போது, ஆணையம் அதற்கு முத்திரையிட்டு ஏற்கத்தக்க ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். கட்டணத்தை முதலில் கட்டச் சொல்வது மனுதாரரிடம்தான். இலவசமாகத் தொடங்கிய வழக்கில் காசு கேட்கும் முதல் இடம் இதுவே. எந்த ஆய்வகம், எவ்வளவு பணம், பொருளை யார் கொண்டுபோவது என்பதெல்லாம் தெரியாமல் பலர் சோதனை மனுவே போடுவதில்லை. போடாவிட்டால், ‘குறை நிரூபிக்கப்படவில்லை’ என்ற ஒரு வரியில் வழக்கு விழுந்துவிடும்.

எல்லா வழக்குக்கும் நிபுணர் அறிக்கை வேண்டும் என்பதும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய் நிறுவனத்தின் க்ரெட்டா காரை டெல்லிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார்; அது 2017 நவம்பரில் விபத்தில் சிக்கியது. ஏர்பேக் விரியவில்லை, அவருக்குப் பலத்த காயம். மோதலின் வேகம் போதாது என்று நிறுவனம் வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராகக் கார் வாங்குபவர் இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. விபத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே நாலரை ஆண்டு. கார் வாங்கும் வசதி உள்ளவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் சேர்த்தே இந்த வெற்றியைப் படிக்க வேண்டும்.

ஒருவரின் வழக்காக இல்லாமல் எல்லோருக்குமான ஆபத்தாக இருந்தால் வேறொரு கதவு உண்டு. வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 தரம் 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அந்தத் தரம் இல்லாத 2,265 குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக அமேசானுக்கும், 598 குக்கர்களுக்காக ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. இப்படிப் பலரைப் பாதிக்கும் புகார்களை விசாரித்து அந்த ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் இருக்கிறது. அந்த அதிகாரம் தனக்கு இருப்பதை மக்களுக்குத் தெரியும்படி கடலூர் ஆட்சியரகம் ஒரு பலகை வைத்தாலே நல்ல தொடக்கம்.

கேஸ், மருந்து, சாப்பாடு

சிலிண்டர் விபத்தில் வழக்குக்கு முன்பே காப்பீடு இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களே பிரீமியம் கட்டும் காப்பீடு இது. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தகவல் தர வேண்டும். நகலில் முத்திரை வாங்க வேண்டும். ‘டியூபை நீங்க மாத்தலை’ என்ற பதில் வரும். அதற்காகவே ஏஜென்சியில் வாங்கிய டியூப், ரெகுலேட்டர் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மருந்தில் தொகுதி எண்தான் உயிர்நாடி. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் 2025-இல் இறந்தார்கள். தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் எடுத்த எஸ்.ஆர்.-13 தொகுதி மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. எந்தத் தொகுதி என்று தெரிந்ததால்தான் ஆலை வரை விரல் நீட்ட முடிந்தது. குழந்தைக்கு ஒவ்வாமல் போன மருந்துக் குப்பியைத் தூக்கியெறியாமல், வாங்கிய பில்லோடு வைத்திருங்கள். சந்தேகமான மருந்தை, கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவில் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. உணவால் கேடு என்றால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும் நஷ்டஈடு சொல்கிறது.

அரசு செய்ய வேண்டியது

இவ்வளவு உரிமைகளும் சிதம்பரத்துக்காரருக்கும் திட்டக்குடிக்காரருக்கும் கைக்கு எட்ட வேண்டுமானால், புதிய சட்டம் எதுவும் வேண்டாம். உள்ள சட்டத்தில் இருக்கும் வழிகளைத் திறந்தால் போதும்.

மாவட்ட ஆணையம் சாதாரணமாக மாவட்டத் தலைநகரில்தான் இயங்கும். ஆனால் மாநில ஆணையத்தைக் கலந்து, அரசிதழில் அறிவித்து, மாவட்டத்தின் வேறு ஊரிலும் அதை நடத்த மாநில அரசு ஏற்பாடு செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவே சொல்கிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டாவது ஆணையம் அமைக்கவும் 28-வது பிரிவு இடம் தருகிறது. இரண்டாவது ஆணையத்துக்குப் பணம், பணியிடம் என்று அரசு தயங்கலாம். மாதத்தில் சில நாட்கள் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் முகாம் அமர்வு நடத்தத் தேவை ஓர் அரசிதழ் அறிவிப்பும் ஓர் அறையும்தான். இரண்டு ஊர்களிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அமர்வு இல்லாத நாட்களில் அங்கிருந்தே காணொலி மூலம் ஆஜராக வசதி செய்யலாம். காணொலி விசாரணையைச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது.

சோதனைக்குச் சென்னை வரை ஓட வேண்டியதும் இல்லை. சிதம்பரத்தின் மடியிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013-இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. இயந்திரம், உற்பத்தி, மின்சாரம், வேதிப் பொறியியல், மருந்தியல் எல்லாவற்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. அவற்றின் ஆய்வகங்களைத் தரம் பார்த்து, நுகர்வோர் வழக்குகளுக்கு ஏற்கத்தக்க ஆய்வகங்களாக மாநில அரசு அங்கீகரிக்க வேண்டும். வசதியற்ற மனுதாரரின் சோதனைக் கட்டணத்தை நுகர்வோர் நல நிதியிலிருந்து செலுத்தி, வென்றால் எதிர்த்தரப்பிடம் வசூலிக்கலாம்.

அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டில் ‘காயத்துக்குக் காரணமான பொருள், கம்பெனி, தொகுதி எண்’ என்று ஒரு கட்டம் சேர்க்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஒரே கம்பெனிக் குக்கர் மூன்று ஊர்களில் வெடித்தால் அது அன்றே தெரிந்துவிடும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிதம்பரம் வட்டக் குழுவும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தரக் கடமைப்பட்டவை. சமையலறை விபத்தில் காயம்படுவோர் பெரும்பாலும் பெண்கள். எனவே தீக்காயப் பிரிவுக்கே இந்தக் குழுக்களின் தொண்டர் ஒருவர் வாரம் ஒருமுறை போய் வந்தால், பொருள் இரும்புக் கடைக்குப் போகும் முன்பே வழக்குக் காப்பாற்றப்படும். அதுவரை 15100 என்ற சட்ட உதவி எண்ணையும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நாமே அழைக்க வேண்டியதுதான்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் குழு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை கூட வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக சிதம்பரம், விருத்தாசலம் முகாம் அமர்வை வைத்து, பரிந்துரையை அரசுக்கு அனுப்ப வேண்டும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம், திட்டக்குடி தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும். வணிகர் சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், நுகர்வோர் அமைப்புகள் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கூட்டாக மனுக் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொண்டு, பதில் வரும் வரை விடாமல் கேட்க வேண்டும். 34-வது பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு வெளியிட அரசுக்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை வேறு எங்கே இருக்கிறது என்பதை அரசு எழுத்தில் சொல்லட்டும்.